இல்ஃபோர்டிலிருந்து நோர்பரி வரை ஓர் அறிவிப்பாளர் வரிசை

இதில் யாருடைய பெயரும் வராது. பெயர் போட்டால் நோர்பரியில் ஒரு குடும்பமும் செவன் கிங்ஸில் ஒரு குடும்பமும் என்னோடு கதைக்காமல் விட்டுவிடும். அதில் எனக்குப் பெரிய நட்டமில்லை, ஆனால் அம்மா இன்னும் அவர்கள் வரும் கோயிலுக்குத்தான் போகிறார். எல்லோருக்கும் ஒரே நீதியாக இருக்கட்டும் என்று, ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் மதீனாவில் வாழ்ந்த ஓர் அறிஞரின் பெயரையும் சேர்த்தே விட்டுவிடுகிறேன். சொன்னவரின் பெயரில்லாத செய்தியைக் கடிவாளமில்லாத மிருகம் என்று ஏசிய மனிதர் அவர் என்று சொல்வார்கள். இதைப் படிக்கக் கிடைத்தால் முதலில் என்னைத்தான் ஏசுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக்கொண்டிருந்தேன். கலியாணக் கார்ட், பெண் பெரியவளான சாமத்தியவீட்டுக் கார்ட், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல். வேலை கஷ்டமில்லை, வாடிக்கையாளர்கள்தான் கஷ்டம். மணமகளின் பெயரில் ஒரு கொம்பு குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள். தகப்பனின் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் குறைந்தால் மேசையில் அடிப்பார்கள். ஊரில் பேங்க் கிளார்க்காக இருந்தவர்கள் ஹீத்ரோவில் இறங்கும்போதே மனேஜராகித்தான் இறங்கினார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை. தந்ததை அடிப்பேன்.

அப்படி ஒழுங்காக இருந்த என்னைக் கெடுத்தவர் கவுன்சில் அக்கா. யாழ்ப்பாணத்து முஸ்லிம் தெருவில் பிறந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கவுன்சிலில் போல் டாக்ஸ், அதாவது வீட்டில் இருக்கும் ஆட்களை எண்ணித் தலைக்கு இவ்வளவு என்று வரி அறவிடும் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்கு மார்க்க வகுப்பு எடுப்பார். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு அரபும் ஓடாது, இங்கிலீஷும் ஓடாது என்பதால் தமிழில் ஒரு சிறு நூல் எழுதி எங்களிடம் அச்சடிக்கக் கொண்டுவந்தார். நபியவர்களின் சொல்லும் செயலும் பற்றிய ஹதீஸ்களும், அவர்களுடைய வாழ்க்கை வரலாறும், யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற அறிவிப்பாளர் வரிசையோடு பின்னால் வந்தவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தன, அதில் அந்த மதீனா அறிஞரின் பங்கு என்ன என்பதுதான் நூல்.

நான் முதல் பக்கத்தை அடித்துக் கொடுத்தபோது, ‘இளமையிலேயே எல்லோராலும் போற்றப்பட்டார்’ என்று ஒரு வரியை என்பாட்டில் சேர்த்திருந்தேன். கார்ட் அடித்த கை, சும்மா இருக்காது. அக்கா அந்த வரியில் விரலை வைத்தார்.

“இது ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. வடிவா இருக்கட்டும் எண்டு போட்டனான்.”

“நீ வடிவுக்குப் போட்டதை வாசிக்கிறவள் நூலில இருக்கு எண்டுவாள். அவளிட்டைக் கேட்டவள் மார்க்கத்திலயே இருக்கு எண்டுவாள். எடு அதை.”

எடுத்தேன். எனக்கு எரிச்சல்தான். இந்த மனுசிக்கு வேறு வேலையில்லையா என்று நினைத்தேன். ஆனால் பக்கம் பக்கமாக அடிக்க அடிக்க அந்த அறிஞரில் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எங்கள் ஆட்களில் ஒருவர் மாதிரித்தான் தெரிந்தார். நபியவர்களைக் கண்ணால் கண்டவர்கள் மூப்படைந்து மறைந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்தவர். மதீனாவில் வீடு வீடாகப் போய், கிழவர், இளந்தாரி, குமர், கிழவி என்று ஆளைப் பார்க்காமல், உங்களுக்கு என்ன தெரியும், யார் சொல்லித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே திரிந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இதற்கு விடுப்பு என்று பெயர். ஒரேயொரு வித்தியாசம், எங்கள் விடுப்பில் முதல் கேள்வி மட்டும்தான் உண்டு. இரண்டாவது கேள்வியை நாங்கள் கேட்பதில்லை, கேட்டால் ருசி போய்விடும்.

மற்றவர்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டதை அவர் எழுதியும் வைத்துக்கொண்டார். கூடப் படித்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். பிறகு ஆட்சியாளர்களே எழுதித் தரச் சொல்லி அவரிடம் வந்தார்கள், அவருடைய மாணவர்கள் அவரிடம் கேட்டவற்றைக் கொண்டுதான் நபியவர்களின் வரலாற்றைக் கோவையாக எழுதினார்கள். ஆனால் அவரிடமும் ஒரு பழக்கம் இருந்தது. விளங்காத சொல் வந்தால் தன் விளக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். உங்கள் சொல்லையும் நபியவர்களின் சொல்லையும் கலக்காதீர்கள் என்று அவர் காலத்தவர்களே அவரைப் பிடித்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மனிதரையும் விட்டுவைக்கவில்லை என்று அறிந்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம். நான் வடிவுக்கு ஒரு வரி போட்டதற்கே அக்கா அந்தப் பாடு படுத்தியிருந்தார் அல்லவா.

இதனால் அக்கா விடுப்புப் பேசாத ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகப் பேசுவார். ஆனால் முழு வரிசையோடு பேசுவார். இன்னார் வீட்டில் சண்டை, எனக்குச் சொன்னவ மேல்வீட்டுக்காரி, அவ காதால கேட்டவ, ஆனா அவவுக்கும் இவைக்கும் பழைய கோபம் ஒண்டு இருக்கு, பாத்து எடுத்துக்கொள் என்பார். பாதிக் கதையில் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அந்தக் காலத்தில்தான் எனக்குக் கலியாணப் பேச்சுக்கால் சரிவந்தது. மாப்பிள்ளை நோர்பரி. பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்துகொண்டு கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். சாதகம் பொருந்தி, இரண்டு பக்கமும் சம்மதித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோனில் கதைக்க அனுமதியும் கிடைத்திருந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் சொல்லும் அச்சகக் கதைகளுக்கு அவர் மறுமுனையில் சத்தமில்லாமல் சிரிப்பார், மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்பதற்காகவே கிழமை முழுக்கக் கதை சேர்த்து வைப்பேன். ஊரார் வீட்டுக் கலியாணக் கார்டெல்லாம் அடித்தவளுக்கு, தன்னுடைய கார்டை எந்த எழுத்தில் அடிப்பது என்று யோசிக்கும் நாள் வந்திருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அடித்தும் பார்த்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் நோர்பரி மாமி, அதாவது மாப்பிள்ளையின் தாய், அம்மாவுக்கு டெலிபோன் எடுத்தார். “கொஞ்சம் ஆறப்போடுவம்” என்றார். எங்கள் ஆட்களின் அகராதியில் இதற்கு முடிந்துபோயிற்று என்று அர்த்தம். காரணம் கேட்டால், “உங்களுக்குத் தெரியாததே” என்றார். அம்மா அழுது கெஞ்சிக் கேட்டபிறகுதான் விசயம் வந்தது. எனக்கு ஏற்கெனவே பதிவுக் கலியாணம் ஒன்று நடந்திருக்கிறதாம், விசாவுக்காக யாரோ ஒருத்தனுக்குப் பேப்பரில் பெண்சாதியாக இருக்கிறேனாம்.

நடந்தது இவ்வளவுதான். அச்சகத்தில் என்னோடு வேலை செய்த சிநேகிதிக்கு ஒரு வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் ஒஃபிஸில் கலியாணம். நான் சீலை உடுத்துக்கொண்டு போய்ச் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். அம்மாவுக்குத் தெரியும். அந்த ஞாயிறு டெலிபோனில் மாப்பிள்ளைக்கும் எல்லாவற்றையும் விபரமாகச் சொல்லிச் சிரித்திருந்தேன். அதனால் எனக்கு முதலில் பயமே வரவில்லை. அவருக்கு உண்மை தெரியும், தாயிடம் ஒரு வார்த்தை சொன்னால் சரி, நாளைக்கே டெலிபோன் வரும் என்றிருந்தேன்.

வரவில்லை. ஞாயிறும் வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் எடுத்தால் மாமி எடுத்து, தம்பி ஷிப்டில என்று சொல்லி வைத்துவிடுவார். அம்மா என்னை வாயைத் திறக்க விடவில்லை. “விசாரிக்கப் போனா இன்னும் நாலு பேருக்குத் தெரியவரும். பேசாமல் இரு பிள்ளை” என்று சொல்லிவிட்டு, தானே கோயிலில் நாலு பேரிடம் அழுதுவிட்டு வந்தார்.

அந்த நாட்களில்தான் நூலில் ஒரு பெரிய அத்தியாயம் என் கைக்கு வந்தது. நபியவர்களின் துணைவியார் ஒருவரைப் பற்றி ஊரில் கட்டிவிட்ட அவதூறும், அது பொய்யென்று வெளியான வரலாறும். அதை அந்த அறிஞர் தன் ஆசிரியர்கள் பலரிடம் கேட்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதி சொன்னார்கள், சிலருக்குச் சிலரைவிட நல்ல ஞாபகம் இருந்தது என்பதையும் மறைக்காமல், ஒரே கதையாகச் சேர்த்துத் தந்திருக்கிறார். ஊர் முழுக்கப் பேசுகிறது, அந்த அம்மையாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. தெரியவந்தபோது அழுது அழுது தூக்கமில்லை. அவருக்குப் போட்டியாக இருந்திருக்கக்கூடிய இன்னொரு துணைவியாரிடம் நபியவர்கள் கேட்கிறார்கள். அவர், என் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், நல்லதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்று சொல்லிவிடுகிறார். அந்த இடத்தை அடிக்கும்போது எனக்குத் திரை தெரியவில்லை. நான் சைவம், கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்கிறவள். யாரோ ஒரு காலத்தில், எந்த நாட்டிலோ நடந்ததற்கு அச்சகத்தின் பின்னறையில் இருந்து மூக்குச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அச்சுப்படி திருத்த வந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

“ஆர் சொன்னது?” என்றார்.

“நோர்பரி மாமி.”

“அவவுக்கு ஆர் சொன்னது?”

“எனக்கென்னெண்டு தெரியும்?”

“தெரியாதெண்டா வெளிக்கிடு. போய்க் கேப்பம்.”

அக்கா டெலிபோனில் கேட்டபோது மாமி தனக்குச் சொன்னவரின் பெயரை ஒளிக்கவே இல்லை. பெருமையாகவே சொன்னார், ஏனென்றால் அவர் செவன் கிங்ஸில் இருக்கும் ஓய்வுபெற்ற கல்லூரி அதிபர். பொய் சொல்லாத மனிதர் என்று லண்டன் முழுக்கப் பெயர். சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அக்கா வகுப்பு முடித்து நேரே வந்திருந்தார், ஆனால் கழுத்தில் கிடந்த கவுன்சில் அட்டையைக் கழற்றவில்லை. மறந்துவிட்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அதிபர் கதவைத் திறந்தார், அட்டையைப் பார்த்தார்.

“இந்த வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான் இருக்கிறம்” என்றார்.

நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. மேல்மாடியில் இளந்தாரிப் பெடியள் சிலர் தடதடவென்று நடந்துகொண்டிருந்தார்கள். போல் டாக்ஸுக்குப் பயந்த மனிதருக்கு வேறு எதைச் சொல்லவும் தயக்கம் இருக்கவில்லை. வந்த விசயம் வேறு என்று அறிந்ததும் அவருக்கு வந்த நிம்மதியில், எங்களைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணியும் தந்தார்.

“நான் விடுப்புக் கதைக்கிற ஆள் இல்லைப் பிள்ளை. தகவலைத்தான் குடுத்தனான். பேப்பர் கலியாணம் ஒண்டு நடந்திருக்கு, பதிவும் இருக்கு எண்டு.”

“ஐயா நேரில கண்டனீங்களோ?” என்று அக்கா கேட்டார்.

“இல்லை. வீட்டில சொன்னவ.”

மனைவி குசினி வாசலில் நின்றார். “நான் எங்கை பேப்பர் கலியாணம் எண்டனான்? விசாவுக்கு ஆருக்கோ கையெழுத்து வைச்சிருக்கிறா எண்டுதானே சொன்னனான்.”

“விசாவுக்குக் கையெழுத்தெண்டா வேறை என்ன? நான் கருத்தைத் திரட்டிச் சொன்னனான்” என்றார் அதிபர். எத்தனையோ பரீட்சைத் தாள் திருத்திய கை அது, என் வாழ்க்கையையும் சுருக்கி எழுதிவிட்டது.

மனைவிக்குச் சொன்னது, கோயிலுக்கு வரும் நோர்பரிப் பலசரக்குக் கடைக்காரி. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படித்த மனிதர், ஒரு குமரின் விசயத்தில் இப்படியா என்று பொரிந்து தள்ளினேன்.

“எங்கட தெருவையும் கலைக்கேக்க அப்பிடித்தான்” என்றார் அக்கா. “காட்டிக்குடுத்தவை எண்டு ஆரோ ஆரிட்டையோ கேட்டதாம். எங்கட வாப்பா கடைசிவரை ஆர் சொன்னது எண்டு கேட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டவர். ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை.”

தொண்ணூறில் இயக்கக்காரர் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டே கலைத்ததில், அவருடைய ஆட்கள் அப்போது புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரி என்று அதுவரை நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவளுக்கு அந்த பஸ் தரிப்பிடத்தில் வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமை நோர்பரி போனோம். இல்ஃபோர்ட்காரருக்கு நோர்பரி என்பது வெளிநாடு, பாஸ்போர்ட் மட்டும்தான் கேட்க மாட்டார்கள். தெம்ஸுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்களைக் கொஞ்சம் குறைவாகவும் நாங்கள் அவர்களைக் கொஞ்சம் குறைவாகவும் நினைத்துக்கொண்டு, பெண் கொடுத்து எடுக்க மட்டும் ரயில் ஏறுவோம். கடைக்காரி முருங்கைக்காய்க் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை மனது, எதையும் மறைக்கத் தெரியாது, அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து.

“விசா எண்டு நான் அடிச்சுச் சொல்லேல்லைத் தங்கச்சி” என்றார். “பொம்பிளை சீலையோட ரெஜிஸ்டர் ஒஃபிஸில நிண்டு கையெழுத்து வைச்சவவாம் எண்டனான். பிறகு, விசாவுக்காக்கும் எண்டனான். அது என்ர யோசினை.”

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு நெஞ்சு எரிகிறது, இவருக்கு நூலில் சேர்க்க நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது. “பாத்தியே, ஒருத்தரும் பொய் சொல்லேல்லை” என்றார் என்னிடம். “எல்லாரும் நல்ல ஆக்கள், நேரில கேட்டவை, ஞாபகமும் பிழையில்லை. ஆளுக்கு ஒரு விளக்கத்தை உள்ளுக்கை விட்டிருக்கினம், அடுத்த ஆள் அதையும் செய்தியா எடுத்திட்டுது.” பிறகு கடைக்காரியிடம் திரும்பினார். “உங்களுக்கு ஆர் சொன்னது?”

“வேறை ஆர், மாப்பிள்ளைத் தம்பிதான். உதில நிண்டு பால் வாங்கேக்க, பொம்பிளை என்ன செய்யிறா எண்டு கேட்டன். வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் ஒஃபிஸில கையெழுத்து வைக்கப் போனவ, சீலையும் உடுத்தவவாம் எண்டு சொல்லிச் சிரிச்சவர்.”

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடைக்குள் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நான் அவருக்குச் சொன்ன பகிடி, அவர் வாயிலிருந்து கடைக்கு வந்து, கோயிலுக்குப் போய், செவன் கிங்ஸில் அதிபரின் முத்திரை வாங்கிக்கொண்டு, அவருடைய தாயின் காதுக்கே திரும்பி வந்திருக்கிறது. வரிசையின் முதல் ஆள் நான்தான், இரண்டாவது ஆள் அவர். இனி என்ன கவலை, அவர் வாயால் தொடங்கியது என்று அவரே சொன்னால் முடிந்தது. பெற்றோல் ஸ்டேஷனுக்கு டெலிபோன் எடுத்து, ஆளைப் பிடித்து, இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் காஃபி கடைக்கு வரச் சொன்னேன்.

வந்தார். மெலிந்திருந்தார், அதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. வரிசையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கடைக்காரி என்றதும் தலையில் கை வைத்தார்.

“நான்தானோ?” என்றார்.

“ஓம், நீர்தான். சரி, அதை விடும். நான் அண்டைக்கு உமக்கு என்ன சொன்னனான் எண்டு ஞாபகம் இருக்கோ?”

“ஏன் இல்லை? உம்மட சிநேகிதியின்ர கலியாணம். சாட்சிக்கு வாறன் எண்டவர் வரேல்லை எண்டு உம்மைப் பிடிச்சு நிப்பாட்டினவை. பேனை எழுதாமல் மற்றப் பேனை வாங்கி வைச்சனீர்.”

ஒரு சொல் பிசகவில்லை. பேனையை நானே மறந்திருந்தேன்.

“அப்ப ஏன் வீட்டில சொல்லேல்லை?”

கோப்பைக்குள் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். “முதல் நாள் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அதுக்குள்ளை அம்மா சொல்லுறா, அதிபர் சொல்லுறார், கோயிலிலயும் கதைக்கினம். அவ்வளவு பேரும் ஒரே மாதிரிச் சொல்லேக்க, நான்தான் பிழையாக் கேட்டிட்டனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார், முகம் தெளிந்திருந்தது, பாரம் இறங்கிய ஆள் முகம்.

“இப்ப எல்லாம் வெளிச்சுப்போச்சுத்தானே. அம்மாட்டை நானே சொல்லுறன். அவ ஒண்டும் மனசில வைச்சிருக்கமாட்டா. தை மாசம் நாள் எடுப்பம்.”

“வேண்டாம்” என்றேன்.

“ஏன்? அது பொய்யெண்டு இப்பத் தெரிஞ்சுபோச்சே.”

“உமக்கு முதல் நாளே தெரியும்” என்றேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார், பிறகு இருந்தார், பிறகு எழுந்து போனார். நான் அங்கேயே இருந்து அழுதேன். அவரை எனக்கு அப்போதும் பிடித்திருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். சத்தமில்லாத அந்தச் சிரிப்பை இனி வேறு யாரோ ஒருத்தி கேட்கப்போகிறாள் என்று நினைக்கும்போது, எழுந்து ஓடிப்போய்ச் சரி என்று சொல்லிவிடலாம் போலவும் இருந்தது. ஓடவில்லை.

சில நாள் கழித்து அம்மா கோயிலால் வந்து கைப்பையைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். எனக்குப் பதிவு நடந்தது உண்மைதான் என்று நோர்பரியில் இப்போது முடிவாகிவிட்டதாம். பெண் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், பதிவு இருந்தபடியால்தானே தானாக விலகினாள் என்று மாமி சொல்லியிருக்கிறார். அதிபரின் மனைவி அதை மாமியின் வாயால் நேரில் கேட்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

“இப்பவாவது போய் உண்மையைச் சொல்லன் பிள்ளை” என்றார் அம்மா.

“ஆரிட்டை?” என்று கேட்டேன்.

அம்மா யோசித்தார். ஒவ்வொரு பெயராக வாய்க்குள் எடுத்து, எடுத்து விட்டார். பிறகு எழுந்து, சோறு போடட்டோ என்று கேட்டார்.